கச்சானுக்கு ஒரு முகம், மாரிக்கு ஒரு முகம்

ஜூலையில் லீவு கிடைக்கும் என்று என் கணவர் கட்டாரிலிருந்து சொன்ன அன்று பின்னேரமே நான் முகத்துக்குத் தயிர் பூசத் தொடங்கிவிட்டேன். அப்போது மே மாதக் கடைசி. கச்சான் காற்று எழும்பியிருந்தது.

அந்தக் காற்றில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். மற்றக் காலங்களில் எங்கள் ஊருக்குக் காற்று கடலில் இருந்து வரும். உப்பும் ஈரமுமாக இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து வரும். நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களின் சூட்டை அள்ளிக்கொண்டு, பெரிய வீதியின் தூசியையும் சேர்த்துக்கொண்டு, எங்கள் கல்முனைக்குடி ஒழுங்கைகளுக்குள் புகுந்து கடலுக்குப் போகும். போகிற வழியில் உதட்டை வெடிக்க வைக்கும். தலைமயிரை வைக்கோல் மாதிரி ஆக்கும். காலையில் பூசிய கிரீமைப் பத்து மணிக்குள் குடித்துவிடும்.

அதனால் அந்தக் காலத்துக்கென்று எனக்கு ஒரு முறை இருந்தது. காலையில் முகம் கழுவச் சவர்க்காரம் கிடையாது, கடலை மாதான். வெளியே போக முதல் சன் கிரீம். முகமூடி போடுகிற நாளிலும் நெற்றிக்கும் கைக்கும் பூசுவேன். பின்னேரம் எருமைத் தயிரில் வெள்ளரிப்பிஞ்சைத் துருவிப் போட்டுப் பூசிக்கொண்டு, கிணற்றடியில் இருந்து உம்மாவோடு கதைப்பேன். இரவில் குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய், அதற்கு மேலே சொக்ஸ்.

“சப்பாத்து இல்லாமச் சொக்ஸ் போடுற ஆள இந்த ஊருல உன்னத்தான் கண்டன்” என்று உம்மா சொல்வா.

தெருவில் எனக்கு ஸ்டைல் டீச்சர் என்று பெயர். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சம்பளம் பெரிதில்லை, ஆனால் உடுப்பில் எனக்கு ஒரு கண் இருந்தது. கறுப்பு ஹபாயாதானே என்று சொல்வார்கள். கறுப்பில் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வெயிலில் பழுப்படிக்கிற கறுப்பு, மழை நாளில் நீலம் காட்டுகிற கறுப்பு, கச்சான் காற்றில் காலோடு ஒட்டிப்பிடிக்கிற மலிவான துணி, காற்றை உள்ளே விட்டு மெதுவாக விழுகிற நல்ல துணி. கல்முனை பஸாரில் ஒரு கடைக்குள் போனால் கையாலேயே கண்டுபிடித்துவிடுவேன். கல்யாணம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள்.

எனக்கு வயது முப்பதைத் தாண்டிப் பாதி தூரம் வந்துவிட்டது. கல்யாணம் முடித்த மறு வருஷம் அவர் கட்டாருக்குப் போனார். அங்கே வீதி போடுகிற கம்பனியில் போர்மன். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்து ஒன்றரை மாதம் நிற்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா ரிப்போட்டுகளை மூடி வைத்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. சேர்ந்து இருக்கணும், அவ்வளவுதான்” என்றா. மருந்து ஒன்றும் எழுதவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அதற்கு அடுத்த கிழமை அவருக்கு பிளைட்.

ஆகவே ஒரு லீவு என்றால் எங்கள் வீட்டில் அது வெறும் விருந்தோ பயணமோ இல்லை. அதற்குள் என்னென்னவோ இருந்தது. நான் முகத்துக்குத் தயிர் பூசினேன் என்றால் அதற்குள்ளும் அது இருந்தது.

*

அடுத்த ஒழுங்கையில் என் மாமி மகள் இருக்கிறாள். மச்சி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு முன்னறையில் திரை போட்டுப் பார்லர் நடத்துகிறாள். மணப்பெண் அலங்காரம், பேஷியல், தலைமயிர் வெட்டு எல்லாம் செய்வாள். புருவம் எடுப்பது மார்க்கத்தில் கூடாது என்று அதில் மட்டும் கை வைக்க மாட்டாள். “அதுக்கு அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்ல ஏலா” என்பாள்.

ஜூன் மாதம் ஒருநாள் அவளிடம் போய், மெதுவாக, “மச்சி, எல்லாரும் பூசுறாங்களே ஒரு வெள்ளைக் கிரீம், ரெண்டு கிழமையில நிறம் மாறுமாம். அத எனக்கும் எடுத்துத் தாறியா?” என்று கேட்டேன்.

அவள் ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் போன பிறகு திரையை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்னகா உனக்கு? அத பூசின ரெண்டு பேருட முகத்த நான் இஞ்ச வெச்சுப் பாத்திரிக்கன். முதல் மாசம் வெள்ள. மறுகா செவப்பு. மறுகா கண்ணாடிய ஒளிச்சு வெச்சிட்டு அழுறது. உன்ட மாப்பிள்ள லீவுல வாறது உன்னப் பாக்கவா, வேறொருத்தியப் பாக்கவா?”

“ரெண்டு வருஷம் மச்சி. கச்சானுல நான் எவ்வளவு கறுத்துப் போயிட்டன் பாரு.”

“கறுத்தா என்ன. காஞ்சி போகாம இரு, அது காணும்” என்று சொல்லி, வெள்ளரிச்சாறும் பன்னீரும் கலந்த போத்தல் ஒன்றைக் கையில் தந்தாள். “இத பிரிஜ்ஜில வெச்சு அடிச்சிக்க. சனிக்கிழம வா, உன்னக் கூட்டிட்டு ஒரு இடம் போகணும்.”

சனிக்கிழமை அவளுடைய ஸ்கூட்டியில் மருதமுனைக்குப் போனோம். காற்று எதிரே அடித்ததில் இரண்டு பேரும் கதைக்க முடியவில்லை. கைத்தறிச் சாரி விற்கிற ஒரு வீட்டுக் கடை. எங்களைவிட இளைய பெண் ஒருத்தி நடத்துகிறாள். ஒரு கையில் போனைப் பிடித்துக் கொழும்பிலிருக்கிற யாருக்கோ சாரிகளை விரித்துக் காட்டிக்கொண்டே எங்களையும் கவனித்தாள். பின்னால் தறிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் மேலே கிடந்தவற்றைப் பார்க்கவில்லை. கடையில் மேலே கிடப்பது எல்லாருக்குமானது. அடுக்கின் அடியில் கையை விட்டேன். நாவற்பழ நிறத்தில் ஒன்று வந்தது. பழத்தைக் கடித்தவுடன் நாக்கில் படிகிற நிறம் இருக்கிறதே, அது. கரையில் விரல் அகலத்துக்கு வெள்ளிச் சாம்பல். பூ இல்லை, மயில் இல்லை, மினுக்கம் ஒன்றும் இல்லை. விரித்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். என் கறுத்த முகம் அதற்கு மேலே துடைத்து வைத்த செம்புப் பாத்திரம் மாதிரி இருந்தது.

கடைக்காரப் பெண் போனிலிருந்து தலையைத் திருப்பி, “அக்கா, அது ஒண்டுதான் இரிக்கி. அந்த நிறத்த எல்லாருக்கும் கட்ட ஏலா” என்றாள்.

இந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சாரி கட்டி வீதிக்குப் போகிறவர்கள் குறைவு. வெளியே ஹபாயா, சாரி என்றால் கல்யாண வீட்டுப் பெண்கள் பக்கத்துக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்குள். எனக்கு அது வீட்டுக்குள் கட்டத்தான் வேண்டும். அவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போது நான் அந்த நிறத்தில் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் நான் ஒன்றும் நினைத்திருக்கவில்லை. முழுக்கை பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி வெட்டச் சொன்னேன்.

*

அவருடைய கோல் வந்தபோது நான் முல்தானி மட்டி பூசிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். அது காயும்வரை வாயை அசைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. போன் அடித்தது. வீடியோ கோல். கமராவை மூடிவிட்டு எடுத்தேன்.

“கமராவப் போடு புள்ள.”

“ம்ஹும்” என்றேன், பல்லைத் திறக்காமல். வந்து நேரில் பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு விளையாட்டு.

“போடு. ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

பின்னால் யாரோ ஹிந்தியில் கத்துவது கேட்டது. “லீவ வெட்டிட்டாங்க” என்றார். “வேல முடியாம ஒருத்தரையும் விட மாட்டாங்களாம். எங்கட செக்ஷன்ல எல்லாருக்கும்தான். நான் எவ்வளவோ கதச்சுப் பாத்தன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பது ஒன்று. முகத்தில் மண் இறுகிக்கொண்டிருந்தது இன்னொன்று. கண்ணீர் ஓரத்தால் இறங்கிக் காதுக்குள் போனது. மண் நனைந்து கோடு கோடாகப் பிளந்தது. நெற்றி இழுத்தது.

“கோபமா புள்ள?”

“இல்ல.”

“கோபமெண்டா ஏசு. இப்பிடிக் கமராவ மூடிட்டு இருக்காத. எனக்கு உன்ட முகத்தப் பாக்கணும்.”

அந்த முகத்தோடு எப்படி நான் கமராவைத் திறப்பது? “மறுகா எடுக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்றுதான் அவர் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தேன். உம்மா குசினி வாசலில் வந்து நின்று பார்த்தா. என்னவென்று கேட்கவில்லை. அவவுக்கு விளங்கியிருக்கும். துவாயை எடுத்து வந்து தந்துவிட்டு, “தேத்தண்ணி ஊத்தட்டா மகள்?” என்றா.

*

பிறகு நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தயிர் சோற்றுக்குப் போனது. குதிகால் வெடித்தது, வெடிக்கட்டும் என்று விட்டேன். தைத்து வந்த பிளவுஸையும் சாரியையும் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

ஆகஸ்டில் சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். போகாவிட்டால் கதை வரும் என்று போனேன். இருந்ததில் நல்ல ஹபாயாவும் சாம்பல் நிற ஸ்காபும் போட்டிருந்தேன். கை பழக்கத்தில் ஸ்காப் பின்னை அழகாகத்தான் குத்தியிருந்தது. நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சஹனில் எனக்கு எதிரே இருந்த, எங்கள் சொந்தக்காரப் பொம்பிளை ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மாப்பிள்ள லீவுல வரல்லையாமே. மறுகா என்னத்துக்கு புள்ள இவ்வளவு ஸ்டைலு, ஆருக்குக் காட்ட?” என்றா.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நானும் சிரித்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. ஆருக்குக் காட்ட? அவருக்கு என்று சொன்னால் அது பாதி பொய். அவர் இல்லாத வருஷங்கள்தானே அதிகம், அவற்றிலும் நான் ஸ்காபின் நிறம் பார்த்துத்தான் ஊசிப்பின் வாங்கினேன். எனக்காக என்று சொன்னால் அதுவும் பாதி பொய். ஒரு நிறத்தைக் கட்டிக்கொண்டு அறைக்குள் தனியே நின்று பார்த்தால், கண்ணாடியில் தெரிவது உடுப்புத்தான். இன்னொருவர் கண் வந்து படும்போதுதான் அது என் மேல் ஏறும். அந்தக் கண்ணைத்தான் நான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். இதை அந்தச் சஹனில் வைத்துச் சொல்ல முடியுமா?

ஒக்டோபரில் முதல் மழை பெய்தது. மச்சி ஆளனுப்பாமல் தானே வந்தாள். என் தலையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, “சீ, நாறுது. எழும்பி வா” என்றாள்.

பார்லர் நாற்காலியில் சாய்த்துத் தலையைப் பேசினில் வைத்தாள். வெந்தயம் அரைத்த சாந்தை எடுத்து விரல் நுனியால் மண்டையில் தேய்க்கத் தொடங்கினாள். கழுத்தின் பின்னால் இரண்டு பெருவிரலாலும் அமுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒருத்தர் என்னைத் தொட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகள் தொடுவார்கள், உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பா. அவையெல்லாம் வேறு. இந்த விரல்கள் அவசரமில்லாமல், எனக்கென்றே அசைந்தன. நான் அழுதேன். மச்சி தண்ணீரைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.

“அழு” என்றாள். “இஞ்ச வாற பாதிப் பேர் தல கழுவக்குள்ளதான் அழுறாங்க. பேசின் இதுக்குத்தான்.”

*

டிசம்பரில் லீவு உறுதியானது. இந்தத் தடவை டிக்கட்டின் படத்தையே அனுப்பியிருந்தார். ஆனால் இப்போது மாரி. கச்சானுக்கு நான் சேர்த்து வைத்திருந்த வித்தைகள் ஒன்றும் உதவாது. மாரியில் முகம் காயாது, எண்ணெய் வழியும். தலை கழுவினால் அன்று முழுக்கக் காயாமல் ஊறிக் கிடக்கும். வளவில் தேங்குகிற தண்ணீருக்குள் நடந்து கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். துணியெல்லாம் அலுமாரிக்குள் இருந்தே பூஞ்சணம் மணக்கும்.

மறுபடியும் தொடங்கினேன். தயிரை விட்டுப் பயற்றம் மாவும் எலுமிச்சைச் சாறும். விரல் இடுக்குக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும். சாரியை வெளியே எடுத்து, சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, அந்தப் புகைக்கு மேலே கூடையைக் கவிழ்த்து விரித்து வைத்தேன். தலையையும் அதே புகையில் காய வைத்தேன். மச்சி வந்து இரண்டு கைக்கும் மருதோண்டி போட்டாள். மழைக் குளிரில் அது சிவக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன், நன்றாகவே சிவந்தது.

அவர் கொழும்பில் இறங்கிய அன்று மழை விடவில்லை. வேன் பின்னேரம் வந்துவிடும் என்றார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சாரியைக் கட்டினேன். கண்ணுக்குச் சுர்மா போட்டேன். உம்மா வந்து பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு, கண் பட்டுவிடும் என்று எதையோ ஓதி ஊதினா. பின்னேரம் அசருக்கு அவர் எடுத்தார்: வழியில் வீதிக்கு மேலால் வெள்ளம் போகிறது, வேனை நிறுத்தியிருக்கிறார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்கு எடுத்தார்: இன்னும் அதே இடம். இரவு இஷாவுக்குப் பிறகு லைனே இல்லை. நான் சாரியோடு கதிரையில் இருந்தேன். இருந்து இருந்து மடிப்புக் கசங்கியது. சுர்மா கரைந்தது. பிறகு கழற்றி வைத்துவிட்டு நைட்டியைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

விடிந்து கொஞ்சம் வெளிச்சம் வந்த நேரம் கேற் சத்தம் கேட்டது. முட்டளவு நனைந்த காற்சட்டையோடு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். நான் மங்கிப்போன பூப்போட்ட நைட்டியோடு, தூங்கி எழும்பிய முகத்தோடு வாசலில் நின்றேன். ஆறு மாதமாக நான் சோடித்து வைத்திருந்த அந்த நிமிஷம் இப்படி வந்து சேர்ந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

நான் ஸலாத்துக்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது போனில் நான் பார்க்கிற முகம் இல்லை. கன்னம் இரண்டிலும் கருஞ்சிவப்பாக மங்கு படர்ந்திருந்தது. மூக்குத்தண்டில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்த அடையாளம். கண்ணோரத்தில் சுருக்கம். தாடியில் பாதிக்கு மேல் நரை. போனில் நேற்று வரைக்கும் அவருக்கு வழுவழுவென்ற முகம்தானே இருந்தது?

அவர் என் பார்வையைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்தார், துடைத்தால் போகிற அழுக்கு மாதிரி.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அறையில் தனியே இருக்கும்போது கேட்டேன். “போன்ல ஏன் இப்பிடித் தெரியல்ல?”

அவர் போனை எடுத்து ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். முகத்தை மினுக்கிக் காட்டுகிற ஒரு வசதி. அதைப் போட்டால் சுருக்கம் போகும், கறுப்புப் போகும், நரையும் மறையும். “ரூம்ல இருக்கிற பொடியன் ஒருத்தன் காட்டித் தந்தான். ரெண்டு வருஷமா அத போட்டுத்தான் உன்னோட கதக்கிறன்.”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கெண்டா…” அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. “நீ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தில, வடிவா வந்து நிக்கிற. நான் வெயிலுல தார் ஊத்திட்டு வந்து உனக்கு முன்னால இந்த முகத்த வெக்கிறதா? உனக்கு நான் கிழவனாத் தெரியக் கூடாதெண்டு நினச்சன். பாத்துட்டு உனக்கு விருப்பமில்லாமப் போனா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நான் முகத்தில் மண் பூசிக்கொண்டு கிடக்க, அங்கே அவர் போனில் முகத்தை மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். நான் ஜூலையில் கமராவை மூடிய கதையை அப்போதுதான் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அல்லாஹ்வே, நான் அதுக்கு எத்தின நாள் தூங்கல்ல தெரியுமா!”

*

அன்று பின்னேரமே தொடங்கினேன். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டு அவருடைய கால்களை வைத்தேன். குதிகால் வெடிப்புக்குள் கட்டார் மணல் கிடந்தது. மெதுவாகத் தேய்த்துக் கழுவித் தேங்காயெண்ணெய் பூசி, என்னுடைய சொக்ஸையே போட்டுவிட்டேன். முகத்துக்குத் தயிரும் வெள்ளரியும். முதல் நாள் அவர் வாயைத் திறந்து, “உப்புக் காணாது” என்றார்.

“கதைக்காதீங்க, வெடிச்சிடும்.”

“ஆராச்சும் வந்தா?”

“வரட்டும்.”

வந்தது உம்மாதான். மருமகனைத் தயிர் முகத்தோடு கண்டவுடன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனா. குசினியில் தனியே சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தயிர்ச்சட்டி வந்தால் ஒரு கோப்பையை ஒதுக்கி, “இது முகத்துக்கு” என்று மூடி வைக்கத் தொடங்கினா.

மச்சியிடம் கேட்டேன், மங்கு போகுமா என்று. “போகாது. கூடாமப் பாத்துக்கலாம். சன் கிரீம் பூசாம அந்த வெயிலுக்குள்ள இறங்க விடாத” என்றாள். அவருக்கு அதைப் பழக்குவதுதான் பெரும்பாடு. பூச மாட்டேன் என்றார், வேலை இடத்தில் சிரிப்பார்கள் என்றார். கடைசியில் சம்மதித்தார்.

மழை விட்டு வெளித்த ஒரு நாள், சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போக நாவற்பழச் சாரியைக் கட்டினேன். மேலே ஹபாயா போடுவதற்கு முதல் அவர் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். கட்டிலில் இருந்துகொண்டு பார்த்தார். நான் தலைப்பைச் சரி பண்ணினேன், பின்னைத் தேடினேன், இல்லாத மடிப்பை நீவினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு முதுகு சுட்டது. அன்று விருந்துக்குப் பிந்தித்தான் போனோம்.

லீவு முடிய ஒரு கிழமை இருக்கும்போது இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குப் போய் அவருக்கு இடுப்பில் உடுக்கச் சாரம் எடுத்தோம். அவர் எடுத்தது பச்சையும் மஞ்சளும். நான் அதை வைத்துவிட்டு, சாம்பல் நீலத்தில் மெல்லிய கட்டம் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய நரைத்த தாடிக்கு அது அவ்வளவு பொருந்தியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “கிழவனாத் தெரியல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கிழவன்தான். வடிவான கிழவன்” என்றேன். அவர் அந்தச் சாரத்தைக் கடையிலேயே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், பையில் போட விடவில்லை.

*

ஜனவரியில் அவர் போனார். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. போனால் திரும்பி வருகிற வழி நீளம். வாசலில் நின்று பார்த்தேன். வேன் ஒழுங்கையைத் திரும்பியது. சேற்றில் டயர் போன கோட்டில் தண்ணீர் ஊறி நிறைவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப் போனது. யாரிடமும் சொல்லவில்லை, உம்மாவிடம்கூட. நடக்கும்போது மெதுவாக நடந்தேன். மருதோண்டியைத் தொடவில்லை, தலைக்குச் சாய மணம் உள்ள எதையும் போடவில்லை. ஒரு கிழமை கழிந்தது. பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடுப்பு வலித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். வந்துவிட்டது.

அவருக்கு அன்று சொன்னேன். கமரா திறந்திருந்தது, இரண்டு பேருடைய முகமும் உள்ளபடிதான் இருந்தது. அவர் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“சாப்பிடு புள்ள. நான் பாத்துட்டு இருக்கன்.”

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நோன்பு வந்தது. நோன்பில் உதடு காய்ந்து போகும். விடிய முதல் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது நெய் ஒரு பொட்டுத் தொட்டுத் தடவிக்கொள்வேன். அவர் வெயிலுக்கு இறங்கும் முதல் சன் கிரீம் பூசிவிட்டுப் படம் எடுத்து அனுப்புவார். ஒரு நாள் காது மடலில் வெள்ளையாகத் திரண்டு நின்றது. துடைத்துவிடக் கை அரித்தது.

எங்களுக்கு நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்லி இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அங்கே சொல்வார்கள். முதல் நோன்பன்று உம்மாவோடு பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கஞ்சி குடித்தேன். உம்மா இரவுத் தராவீஹ் தொழுகைக்காக அயல் பெண்களோடு போய்விட்டா. நான் தொழுதுவிட்டு, ஸ்காபை மாற்றினேன். மாதுளை முத்து நிறத்தில் ஒன்று, அந்தக் கிழமைதான் பஸாரில் கண்டெடுத்தது. இன்னொரு கோப்பைக் கஞ்சியை வைத்துக்கொண்டு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு இருந்தேன்.

அவர் வந்தார். குளித்த தலை, ஈரம். அறையில் மற்றவர்கள் பிளாஸ்டிக் விரிப்பில் பழங்களை வைக்கிற சத்தம் கேட்டது.

“நல்ல நிறம்” என்றார்.

“இண்டைக்குத்தான் போட்டன்.”

“கிட்ட வா, பாப்பம்.”

கிட்டே போனேன். அவரும் கிட்டே வந்தார். தூரத்தில் அவர்களுடைய பாங்கு தொடங்கியது. அவர் பேரீச்சம்பழத்தை எடுத்து பிஸ்மி சொன்னார். நான் கோப்பையை எடுத்தேன். கஞ்சி ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.